மலைக் காவல் நாயும் பீடபூமி வெயிலும்

ஆட்டு மந்தையோடு இருக்கும் நாய்கள் எல்லாம் ஒரே தொழிலைச் செய்வன அல்ல. மந்தையை வளைத்துத் திருப்பி ஓட்டுவது ஒரு வகை. மந்தைக்குள்ளேயே கிடந்து, சிறுத்தை, ஓநாய் முதலியவற்றை எதிர்த்து நிற்பது மற்றொரு வகை. நூல்களை மொழிபெயர்ப்போர் இரண்டையும் 'மேய்ப்பு நாய்' என்றே எழுதிவிடுவதால் பொருள் மயங்குகிறது. பின்னதற்கு நம் நாட்டுப்புறச் சொல்லாகிய 'பட்டி நாய்' என்பதே பொருந்தும்.

இமயச் சாரலில் இவ்வகைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு, இமாசலப் பிரதேசத்துக் கத்தி நாய். (கத்தி என்பது அங்குள்ள இடையர் குலத்தின் பெயர், ஆயுதமன்று.) கோடையில் உயர்ந்த புல்வெளிகளுக்கும் குளிர்காலத்தில் அடிவாரத்துக்கும் செல்லும் மந்தைகளுடன் இது நடந்தே செல்கிறது. சிறுத்தை கழுத்தைக் கவ்வாதிருக்க, முள் வைத்த இரும்புப் பட்டை அணிவிப்பதும் உண்டு. கர்னாலிலுள்ள தேசிய விலங்கின மரபுவளப் பணியகம், இராஜபாளையம், சிப்பிப்பாறை, முதோல் ஆகியவற்றுக்கு அடுத்து, 2025-ஆம் ஆண்டில் இதனை ஓர் இனமாகப் பதிவு செய்தது.

இத்தகைய நாயை அத்திபெலேயில், அதாவது தமிழர் வழக்கில் அத்திப்பள்ளியில், ஒரு தோட்டத்தைக் காக்க வாங்குவதாகக் கொள்வோம். ஏறக்குறைய 900 மீட்டர் உயரமுள்ள இவ்வூர் குளிர்ந்த இடமாயிற்றே என்று தோன்றலாம். ஆனால் அருகிலுள்ள பெங்களூரில் 2016 ஏப்ரலில் 39.2 பாகை செல்சியஸ் பதிவாயிற்று. நாயின் இயல்பான உடல் உஷ்ணமே 38.3 முதல் 39.2 பாகை வரைதான். சுற்றுக் காற்றும் உடலைப் போலவே சூடாகிவிட்டால், உடலின் உஷ்ணம் தானாக வெளியேறாது. நாய்க்குப் பாதங்களில் மட்டுமே சிறிது வியர்க்கும்; மற்றபடி நாக்கை நீட்டி இரைத்து, ஈரத்தை ஆவியாக்கியே அது குளிர வேண்டும். காற்றில் ஈரம் மிகுந்தால் அவ்வழியும் குறுகிவிடுகிறது.

உடல் பெரிதாயிருப்பதும் இங்கே பாதகமே. ஆசிரியர்கள் இதனைக் கரும்பலகையில் எளிதில் விளக்கலாம். ஓரடிப் பக்கமுள்ள கனசதுரத்தின் பரப்பு 6 சதுர அடி, கன அளவு 1 கன அடி. ஈரடிப் பக்கமுள்ளதற்குப் பரப்பு 24, கன அளவு 8. எனவே ஒரு கன அடிக்கு 3 சதுர அடியே கிடைக்கிறது. பெரிய உடலுக்கு உஷ்ணத்தை வெளிவிடும் பரப்பு அந்த விகிதத்தில் குறைவு. அதன்மேல் அடர்ந்த அடிமயிரும் கம்பளிபோல் போர்த்திருக்கிறது.

அப்படியாயின் மயிரை மழித்துவிடலாமே என்று பலர் கேட்பர். கூடாது. மேல்மயிர் தோலை நேர்வெயிலிலிருந்து காக்கிறது. உதிர்ந்து சிக்கிய அடிமயிரைச் சீவி எடுத்தாலே காற்று உட்புகும். சீவும்போதே உண்ணிகளையும் தேடிப் பிடிக்கலாம். நடைப்பயிற்சி விடியற்காலையிலும் இரவிலும் மட்டுமே நடைபெறல் வேண்டும். தகரக் கூரையின் கீழ் அடைப்பது அடுப்பில் வைப்பதற்கு ஒப்பாகும்.

கடுமையாக இரைத்தல், எச்சில் வடிதல், தள்ளாடுதல் ஆகியவை உஷ்ணத்தாக்கின் அறிகுறிகள். உடனே நிழலில் கிடத்தி, உடல் முழுதும் நீரூற்றி, விசிறி, கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்க. மருத்துவர் வந்த பின் பார்ப்போம் என்று காத்திருப்பதால்தான் பல நாய்கள் இறக்கின்றன.

ஆகாரத்தைப் பற்றிச் சில சொற்களே போதும். பெருநாய்க்கு ஒரே வேளையில் வயிறுமுட்ட இடாமல், இரு வேளையாகப் பிரித்து இடுக. குட்டி விரைந்து பருக்க வேண்டுமென்று சுண்ணாம்புச் சத்து மருந்துகளை மிகுதியாகக் கொடுப்பின் எலும்பும் மூட்டும் கெடும். வெறிநோய்த் தடுப்பூசியை மூன்றாம் மாதத்தில் தொடங்கி ஆண்டுதோறும் போடுதல் வேண்டும்.

குணமும் கருதத்தக்கது. இடையன் உறங்கும் நேரத்தில் தானே முடிவு செய்யப் பழகிய இனம் இது. ஏவலுக்குக் காத்திராது, இரவில் குரைக்கும், புதியோரை ஐயுறும். இதற்கு வேண்டுவது உயர்ந்த வேலியும், குட்டிப்பருவத்திலேயே மனிதர்களோடு பழக்கமும். சங்கிலியில் கட்டிப்போட்டால் மூர்க்கமே வளரும். 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி, நாயை நெடுநேரம் குட்டைச் சங்கிலியில் பிணித்து வைப்பதும், எப்போதும் கட்டியிருக்கும் நாயை நடமாட விடாதிருப்பதும் குற்றமாகும்.

யோசனை கேட்டு வருவோரிடம் களப்பணியாளர் முதலில் வினவ வேண்டியவை, மரநிழல், தண்ணீர், வேலி ஆகியவை உள்ளனவா என்பனவே. இவை இல்லாத இடத்துக்குக் குட்டைமயிருடைய இராஜபாளையமோ கோம்பையோ ஏற்றதென்று கூறலாம். அவற்றுக்கும் நிழலும் நீரும் வேண்டும்.