வந்து சென்றவரைத் தேடி வரும் விளம்பரம்

பொருளை உற்பத்தி செய்வதைவிட அதனை விற்பதே கடினம் என்பது சிறுதொழில் நடத்துவோர் பலரும் அனுபவத்தில் கண்ட உண்மையாகும். கடைத்தெருவில் இக்கடினத்தை ஓரளவு தணித்து வந்தது வணிகரின் நினைவாற்றல். பெங்களூரு சிக்பேட்டையில் பட்டுச் சேலைகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு வெறுங்கையுடன் திரும்பிய வாடிக்கையாளரை வணிகர் நினைவில் வைத்திருப்பார். அவர் மறுமுறை அவ்வழியே வரும்போது, அன்று கேட்ட நிறத்தில் புதுச்சரக்கு வந்திருப்பதாகச் சொல்லி அழைப்பார். இணையதளத்தின் வழியே நடைபெறும் வாணிபத்தில் இந்த நினைவாற்றலின் இடத்தைக் கணிப்பொறி எடுத்துக்கொண்டுள்ளது. ஒரு நிறுவனத்தின் இணையதளத்துக்கு வந்து, பொருள்களைப் பார்த்து, வாங்காமல் சென்றவருக்கு, அவர் வேறு தளங்களைப் படித்துக்கொண்டிருக்கும்போது அதே பொருளின் விளம்பரத்தைக் காட்டும் முறை இன்று பரவலாகக் கையாளப்படுகிறது. வணிக உலகில் ரீடார்கெட்டிங் என வழங்கும் இதனைப் பின்தொடர் விளம்பரம் எனலாம்.

இம்முறையால் யாருக்குப் பயன், எவ்வளவு பயன், அப்பயனுக்காக நுகர்வோர் கொடுக்கும் விலை என்ன என்பவை, தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டுள்ள நம் நாட்டில் இன்று ஆராயத்தக்க கேள்விகளாகும்.

பெங்களூருவின் பங்கு

இத்துறையின் இந்திய வரலாற்றில் பெங்களூருவுக்குத் தனி இடம் உண்டு. புத்தக விற்பனையில் தொடங்கிய ஃபிளிப்கார்ட் 2007-ஆம் ஆண்டு இந்நகரில்தான் தோன்றியது. ஆடை விற்பனையில் பெயர் பெற்ற மிந்த்ராவும் அதே ஆண்டில் இங்கு உருவானது. விற்பனைத் தளங்கள் பெருகவே, அவற்றுக்கு விளம்பரச் சேவை அளிக்கும் நிறுவனங்களும் வளர்ந்தன. 2008-இல் பெங்களூருவில் தொடங்கப்பட்ட விசுரி நிறுவனம், வாங்காமல் சென்றவருக்கு அவரவர் பார்த்த பொருளையே விளம்பரமாகக் காட்டும் பணியைத் தன் முக்கியத் தொழிலாகக் கொண்டு, வெளிநாடுகளிலும் சேவை புரிந்தது. அதன் மின்வணிகப் பிரிவை 2018-இல் அஃபில் நிறுவனம் வாங்கியது. கைப்பேசி விளம்பரத்தில் உலக அளவில் வளர்ந்த இன்மொபி நிறுவனத்தின் தலைமையிடமும் பெங்களூருவே.

உலக அளவில் நோக்கினால், பாரிஸ் நகரில் 2005-இல் நிறுவப்பட்ட கிரிட்டியோ இத்தொழிலின் முன்னோடிகளுள் ஒன்று. 2010-இல் கூகுள் தன் விளம்பரச் சேவையில் இவ்வசதியைச் சேர்த்த பின்னர், பெரிய மூலதனம் இல்லாத சிறு வணிகர்களுக்கும் இது எட்டக்கூடியதாயிற்று.

செயல்படும் முறை

இணையதளம் இயல்பாக மறதி உடையது. ஒரு பக்கத்தைக் கேட்டவரும் மறுகணம் அடுத்த பக்கத்தைக் கேட்டவரும் ஒருவரேதானா என்பதை அது தானாக அறியாது. இக்குறையைப் போக்க, 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மாண்டுல்லி என்பவர் குக்கி என்னும் சிறு குறிப்பை உருவாக்கினார். தளம் தரும் ஓர் அடையாள எண்ணைப் பயனரின் உலாவி சேமித்து வைத்து, மறுமுறை செல்லும்போது அதைத் திருப்பிக் காட்டும். திருமணப் பந்தியில் கொடுக்கும் டோக்கனைப் போன்றது இது. டோக்கனில் பெயர் இராது. ஆயினும் அதை வைத்திருப்பவர் இன்னார் எனக் கொடுத்தவருக்குத் தெரியும்.

பின்தொடர் விளம்பரம் இந்த டோக்கனைச் சற்று வேறு விதமாகப் பயன்படுத்துகிறது. விற்பனைத் தளத்தின் பக்கத்தில் விளம்பர நிறுவனத்தின் சிறு நிரல் ஒன்று பதிக்கப்படுகிறது. பார்வையாளர் எந்தப் பொருளைப் பார்த்தார், கூடையில் இட்டாரா, பணம் செலுத்தும் கட்டம் வரை சென்றாரா என்பவற்றை அந்நிரல் அடையாள எண்ணுடன் சேர்த்துப் பதிவு செய்கிறது. பின்னர் அவர் ஒரு செய்தித் தளத்தைத் திறக்கும்போது, அப்பக்கத்தில் உள்ள விளம்பர இடம் ஏலத்துக்கு வருகிறது. அடையாள எண்ணைக் கண்டுகொண்ட நிறுவனம் மற்றவர்களைவிடக் கூடுதல் விலை கேட்டு அவ்விடத்தைப் பெறுகிறது. அவர் பார்த்த பொருளின் படமும் விலையும் அங்கே தோன்றுகின்றன. இவையனைத்தும் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடுகின்றன.

அண்மை ஆண்டுகளில் இம்முறைக்குத் தடைகளும் தோன்றியுள்ளன. பிற நிறுவனங்கள் பதிக்கும் குக்கிகளை ஆப்பிளின் சஃபாரி உலாவி 2020 மார்ச் முதல் முழுமையாகத் தடுத்து வருகிறது. செயலிகள் பயனரைப் பின்தொடர அவரது அனுமதியைக் கேட்க வேண்டும் என்ற விதியை ஆப்பிள் 2021-இல் ஐபோன்களில் நடைமுறைப்படுத்தியது. கூகுள் தன் குரோம் உலாவியில் இத்தகைய குக்கிகளை நீக்கப்போவதாக 2020-இல் அறிவித்துப் பலமுறை தள்ளிவைத்து, இறுதியில் அத்திட்டத்தைக் கைவிட்டது. எனவே, பிறர் திரட்டிய தரவை நம்பியிருப்பதைவிட, வாடிக்கையாளர் தாமே மனமுவந்து தந்த மின்னஞ்சல் முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றை நம்பும் போக்கு வணிகர்களிடையே வளர்ந்து வருகிறது.

எப்போது பயன் தரும்?

ஒருவர் பார்த்த அதே பொருளை மீண்டும் காட்டினால் அவர் வாங்கிவிடுவார் என்பது இயல்பான எதிர்பார்ப்பு. ஆனால் ஆய்வு கூறுவது வேறு. பயண நிறுவனம் ஒன்றின் விளம்பரங்களைக் கள ஆய்வு செய்து ஆன்யா லாம்பிரெக்ட், கேத்தரின் டக்கர் ஆகிய பொருளியல் அறிஞர்கள் 2013-இல் வெளியிட்ட கட்டுரை இங்குக் கருதத்தக்கது. பார்த்த பொருளையே காட்டும் விளம்பரம், நிறுவனத்தைப் பற்றிய பொது விளம்பரத்தைவிடச் சராசரியாகக் குறைந்த பயனே தந்தது என அவர்கள் கண்டனர். பல பொருள்களைப் பற்றிய மதிப்புரைகளைப் படித்து, தமக்கு வேண்டியது இன்னதெனத் தெளிந்த நிலையை எட்டியவர்களிடம் மட்டும் அது நன்கு பயன்பட்டது.

இதன் காரணத்தை உணர்வது கடினமன்று. வேண்டியது எது என்றே தெளியாதவருக்கு ஒரே ஒரு பொருளைத் திரும்பத் திரும்பக் காட்டுவது எரிச்சலையே மூட்டும். அவருக்கு வேண்டியது தேர்ந்தெடுக்க உதவும் பொதுத் தகவல். தெளிந்தவருக்கோ குறிப்பிட்ட பொருளின் விலை, அளவு, இருப்பு ஆகிய விவரங்கள் வேண்டும். ஆகவே, பார்வையாளர் எல்லாரையும் ஒரே தட்டில் வைக்காமல், அவர் எந்தக் கட்டத்தில் நிற்கிறார் என அறிந்து நடப்பதே இம்முறையின் உயிர்நாடியாகும்.

செலவும் வரவும்

விளம்பர நிறுவனங்கள் தரும் அறிக்கையில், விளம்பரத்தைக் கண்ட பின் வாங்கியவர் அனைவரும் விளம்பரத்தால் வாங்கியவராகவே கணக்கிடப்படுவது வழக்கம். இதில் பெரும் பிழை நேரக்கூடும். ஏற்கெனவே தளத்துக்கு வந்து பொருளை விரும்பிப் பார்த்தவர்களுள் ஒரு பகுதியினர் விளம்பரம் இல்லாமலே திரும்பி வந்து வாங்கியிருப்பர்.

ஒரு கற்பனைக் கணக்கைக் கொண்டு இதனை விளக்கலாம். கைவினைப் பொருள் விற்கும் தளம் ஒன்றுக்கு 20,000 பேர் வந்து வாங்காமல் சென்றனர் எனக் கொள்வோம். குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்ட 10,000 பேருக்கு மட்டும் ரூ.15,000 செலவில் விளம்பரம் காட்டப்படுகிறது. எஞ்சிய 10,000 பேருக்குக் காட்டப்படவில்லை. முதற்பிரிவில் 200 பேரும் இரண்டாம் பிரிவில் 150 பேரும் பின்னர் வந்து வாங்குகின்றனர். அறிக்கையின்படி 200 விற்பனைக்கு ரூ.15,000, அதாவது ஒரு விற்பனைக்கு ரூ.75 செலவாயிற்று. ஆனால் 150 விற்பனை எப்படியும் நடந்திருக்கும். விளம்பரம் கூடுதலாகத் தந்தது 50 விற்பனையே. ஒவ்வொன்றுக்கும் ஆன உண்மைச் செலவு ரூ.300. ஒரு பொருளில் கிடைக்கும் ஆதாயம் ரூ.200 என்றால், அறிக்கையில் வெற்றியாகத் தெரியும் இம்முயற்சி உண்மையில் ரூ.5,000 நட்டமாகும்.

குறைந்த மூலதனத்துடன் தொழில் நடத்துவோருக்கு இவ்வேறுபாடு வாழ்வா தாழ்வா என்னும் கேள்வியாகவே அமையலாம். எனவே பார்வையாளருள் ஒரு பகுதியினருக்கு விளம்பரம் காட்டாமல் நிறுத்தி ஒப்பிட்டுப் பார்ப்பது இன்றியமையாதது. பயிருக்கு உரமிட்ட பாத்தியின் விளைச்சலை இடாத பாத்தியுடன் ஒப்பிடும் உழவரின் முறையே இது.

தொழிலகங்களுக்கு இடையிலான வாணிபம்

பெங்களூருவின் பீனியா தொழிற்பேட்டையில் இயந்திர உறுப்புகள், கருவிகள், மின்பொருள்கள் ஆகியவற்றைத் தயாரிக்கும் சிறு தொழிலகங்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. இவற்றின் வாடிக்கையாளர் தனிநபர் அல்லர்; பிற நிறுவனங்கள். இத்தகைய கொள்முதலில் பொறியாளர், கொள்முதல் அலுவலர், கணக்கு அலுவலர் எனப் பலர் பங்கு கொள்கின்றனர். முடிவெடுக்கப் பல மாதங்கள் ஆகலாம். விலைப்புள்ளி கோரிய பின்னும் மாதிரி, சோதனை, தரச்சான்று என வேலை நீளும்.

இங்கு ஒரு வாரத்துக்குள் பத்து முறை விளம்பரம் காட்டுவதால் பயன் குறைவு. தொழில்நுட்ப விவரப் பக்கத்தைப் பார்த்துச் சென்றவருக்கு அளவுப் பட்டியலும் தரச்சான்று விவரமும், விலைப்பக்கம் வரை வந்தவருக்கு விலைப்புள்ளி பெறும் வழியும் கிடைக்கச் செய்வதே பொருத்தமானது. வந்தவர் யார் எனத் தெரியாமல் பின்தொடர்வதைக் காட்டிலும், விவரப் பட்டியலைப் பெற விரும்பி முகவரி தந்தவருக்கு உரிய காலத்தில் ஒரு மின்னஞ்சல் அனுப்புவது செலவு குறைந்த, மதிப்பு மிக்க வழியாகும்.

அந்தரங்க உரிமை

கடைக்காரரின் நினைவுக்கும் கணிப்பொறியின் நினைவுக்கும் அடிப்படை வேறுபாடு ஒன்று உண்டு. கடைக்காரர் தம் கடையில் நடந்ததை மட்டுமே அறிவார். அவர் நினைவில் வைத்திருப்பதை வாடிக்கையாளரும் அறிவார். விளம்பர வலைப்பின்னலோ, ஒருவர் எத்தளத்தில் மருந்து தேடினார், எங்குக் கடன் கேட்டார் என்பவற்றையும் அவர் அறியாமலே கோத்துவிட வல்லது. ஒரே கணிப்பொறியையோ கைப்பேசியையோ குடும்பத்தார் பலர் பயன்படுத்தும் இல்லங்களில், ஒருவர் மறைவாகத் தேடியது மற்றவர் கண்ணுக்கு விளம்பரமாகத் தோன்றும் அபாயமும் உண்டு.

இவ்வபாயங்கள் வெறும் ஊகமல்ல என்பதை இரு நிகழ்ச்சிகள் காட்டுகின்றன. பயனர்களின் இருப்பிடத்தை, அவர்கள் அனுமதி மறுத்த நிலையிலும், வைஃபை தகவல்களைக் கொண்டு அறிந்ததாக இன்மொபி மீது அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியது. 2016-இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி அந்நிறுவனம் 9,50,000 டாலர் செலுத்த இசைந்ததுடன், இருபது ஆண்டுகளுக்கு வெளித் தணிக்கைக்கு உட்படும் அந்தரங்கப் பாதுகாப்புத் திட்டத்தையும் ஏற்றது. பயனரின் ஒப்புதல் முறையாகப் பெறப்பட்டதைச் சரிபார்க்கத் தவறியது உள்ளிட்ட காரணங்களுக்காக, கிரிட்டியோவுக்கு பிரான்சின் தரவுப் பாதுகாப்பு அமைப்பு 2023-இல் நான்கு கோடி யூரோ அபராதம் விதித்தது.

நம் நாட்டில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்பதை நிலைநாட்டிய வழக்கும் பெங்களூருவுடன் தொடர்புடையதே. கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே. எஸ். புட்டசாமி 2012-இல் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று இத்தீர்ப்பை ஒருமனதாக வழங்கியது.

சட்டத்தின் வரையறை

இத்தீர்ப்பின் தொடர்ச்சியாக உருவான டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியிடப்பட்டன. நிறுவனங்கள் தயாராவதற்காக, முக்கியக் கடமைகள் பதினெட்டு மாதங்களுக்குப் பின் நடைமுறைக்கு வரும் வகையில் அவகாசம் தரப்பட்டது.

சட்டத்தின்படி, ஒப்புதல் கட்டாயமின்றியும், குறிப்பிட்ட நோக்கத்துக்காகவும், விவரம் அறிந்தும், தெளிவான செயல் மூலமும் தரப்பட வேண்டும். தந்த ஒப்புதலை, தந்தபோது இருந்த அளவு எளிதாகவே திரும்பப் பெறவும் வழி இருக்க வேண்டும். அறிவிப்பை ஆங்கிலத்தில் மட்டுமன்றி அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் எதிலும் படிக்கும் வாய்ப்பு அளிக்கப்பட வேண்டும். ஓசூரிலிருந்து பெங்களூரு தளம் ஒன்றில் பொருள் வாங்கும் தமிழர் தமிழிலேயே இதனைக் கேட்டுப் பெறலாம் என்பது சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. பதினெட்டு வயது நிரம்பாதவர்களின் நடத்தையைப் பின்தொடர்வதும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதும் பொதுவாகத் தடை செய்யப்பட்டுள்ளன.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளும் கருதத்தக்கவை. இன்னும் சில நிமிடங்களே உள்ளன எனப் பொய்யாக அவசரமூட்டுவது, கேளாத பொருளைக் கூடையில் சேர்ப்பது, இடைவிடாது நச்சரிப்பது முதலான 13 ஏமாற்று உத்திகளை அவை அடையாளம் காட்டுகின்றன. பின்தொடர் விளம்பரம் எல்லை மீறும்போது இவற்றில் சிலவற்றுக்கு எளிதில் இடங்கொடுத்துவிடும்.

செய்யத்தக்கவை

இம்முறையைக் கையாள விரும்பும் சிறு நிறுவனங்கள் சில நெறிகளைப் பின்பற்றுதல் நலம். முதலாவதாக, விளம்பரத்துக்குச் செலவிடுமுன் தளத்தைச் சீர்செய்ய வேண்டும். அஞ்சற்செலவு கடைசிக் கட்டத்தில்தான் தெரிவதால் வாங்காமல் செல்பவரை விளம்பரத்தால் திரும்ப அழைப்பது வீண். இரண்டாவதாக, ஒருவருக்கு ஒரு வாரத்தில் எத்தனை முறை, எத்தனை நாள் வரை விளம்பரம் காட்டுவது என்பதற்கு வரம்பு கட்ட வேண்டும். மூன்றாவதாக, வாங்கி முடித்தவரை உடனே பட்டியலிலிருந்து நீக்க வேண்டும். வாங்கிய பொருளையே மீண்டும் வாங்கச் சொல்லும் விளம்பரம் பணத்தையும் நன்மதிப்பையும் ஒருங்கே இழக்கச் செய்யும். நான்காவதாக, நோய், கடன், குழந்தைகள் தொடர்பான பக்கங்களில் பின்தொடரும் நிரலைப் பதிக்காமல் விடுவதே முறை. ஐந்தாவதாக, தேவைக்கு மேற்பட்ட தரவைத் திரட்டாமலும், தேவை முடிந்தபின் வைத்திராமலும் இருத்தல் வேண்டும்.

நுகர்வோரும் தம் பங்கைச் செய்யலாம். உலாவியில் சேர்ந்துள்ள குக்கிகளை அவ்வப்போது நீக்குவதும், பிற நிறுவனங்களின் குக்கிகளைத் தடுக்கும் வசதியைப் பயன்படுத்துவதும், ஒப்புதல் கேட்கும் அறிவிப்பைப் படித்த பின்னரே இசைவு தருவதும் கடினமான செயல்கள் அல்ல.

வாடிக்கையாளரை நினைவில் வைத்திருப்பது நல்ல வணிகரின் இலக்கணமாகவே நம் நாட்டில் கருதப்பட்டு வந்துள்ளது. அந்நினைவு வாடிக்கையாளரின் அறிவோடும் இசைவோடும் அமையும்வரை இருவருக்கும் நன்மை பயக்கும். சட்டம் இதற்கு எல்லைக்கோடு வகுத்துத் தந்துள்ளது; அவ்வெல்லைக்குள் நின்று, செலவையும் பயனையும் நேர்மையாகக் கணக்கிட்டு நடக்கும் சிறு நிறுவனங்களே இத்துறையில் நிலைத்து நிற்கும்.