கொயில் மாற்றுமுன் கொஞ்சம் பொறுங்கள்



சிறிய வேனோ காரோ வைத்து ஹயர் ஓடிப் பிழைக்கும் தம்பிமார் நம் தோட்டங்களில் பலர். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுவதும், ராத்திரியில் பிள்ளைத்தாய்ச்சியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும் அந்த வண்டிகள்தான். அது மேட்டில் நின்றால் ஒரு வீட்டுக்கு மட்டுமா நட்டம்? லயத்துக்கே கஷ்டம். ஆகவே இம்முறை இக்னிஷன் கொயிலைப் பற்றிப் பார்ப்போம்.

நமக்குத் தெரிந்த ஒரு தம்பியின் வேன் மேடு ஏறும்போது உதறத் தொடங்கியது. "மூன்று கொயிலும் போச்சு" என்றார்கள் கராஜில். மனைவியின் சங்கிலியை அடகு வைத்து மூன்றையும் மாற்றினார். இரண்டு மாதம் போகவில்லை, மறுபடியும் உதறல். பிறகுதான் தெரிந்தது, ஒரு பிளக் குழியில் எண்ணெய் கசிந்து நின்றது. முதலில் கெட்டதும் அந்தக் குழியில் இருந்த ஒரே கொயில்தான். எண்ணெயை யாரும் பார்க்கவில்லை.

கொயில் என்ன செய்கிறது? பெட்டரியின் 12 வோல்ட்டைப் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்தி பிளக்குக்குக் கொடுக்கிறது. அதனால்தான் பிளக் நுனியில் பொறி பாய்ந்து பெற்றோல் பற்றுகிறது. பழைய கார்களில் எல்லா சிலிண்டருக்கும் ஒரே கொயில் இருந்தது. சுசுகி எவ்ரி, வேகன் ஆர் போன்ற 660 சி.சி. ஜப்பான் வண்டிகளில் மூன்று சிலிண்டர். ஒவ்வொன்றுக்கும் தனிக் கொயில், பிளக்கின் தலையிலேயே இருக்கும்.

ஒரு கொயில் கெட்டால் என்ஜின் உதறும், மேட்டில் இழுக்காது, பெற்றோல் அதிகம் குடிக்கும், என்ஜின் லைட் எரியும். லைட் விட்டுவிட்டு எரிந்தால் ஓட்டுவதை நிறுத்துங்கள். எரியாத பெற்றோல் சைலன்சர் பக்கம் போய் கெட்டலிட்டிக் கொன்வேட்டரைக் கெடுத்துவிடும். அதன் விலை கொயிலைவிடப் பல மடங்கு.

ஸ்கேன் பண்ணினால் பி0301, பி0302, பி0303 என்று வரும். கடைசி இலக்கம் சிலிண்டரின் நம்பர். அங்கே சரியாக எரியவில்லை என்றுதான் அது சொல்கிறது. கொயில் கெட்டது என்று சொல்லவில்லை. எனவே இப்படிச் செய்து பாருங்கள்:

1. என்ஜினை நன்றாக ஆற விடுங்கள். சாவியை எடுத்துவிடுங்கள்.

2. கிளிப்பை அழுத்தி சொக்கட்டைக் கழற்றுங்கள். வயரைப் பிடித்து இழுக்க வேண்டாம். போல்ட்டைக் கழற்றி, கொயிலை மெதுவாக அசைத்துத் தூக்குங்கள்.

3. சந்தேகமான கொயிலைப் பக்கத்து சிலிண்டரிலும், அதனுடையதை இதிலும் போடுங்கள். பழைய கோடை அழித்து, ஓட்டி, மறுபடி ஸ்கேன் பண்ணுங்கள். பழுது கொயிலோடு சேர்ந்து இடம் மாறினால் கொயில்தான் கெட்டது. பழைய இடத்திலேயே நின்றால் பிளக், வயர், இன்ஜெக்டர் என்று தேட வேண்டும்.

4. குழியில் எண்ணெய் இருந்தால் டெபட் கவர் சீலை மாற்றுங்கள். தண்ணீர் இருந்தால் காயவைத்து, வரும் வழியை அடையுங்கள்.

5. பிளக்கையும் பாருங்கள். நுனி தேய்ந்து இடைவெளி கூடினால் கொயில் அளவுக்கு மிஞ்சி உழைத்துச் சூடேறும். தேய்ந்த பிளக்கின் மேல் புதுக் கொயில் போடுவது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது போல. புது பிளக்கை முதலில் கையாலேயே திருகுங்கள். புரி கெட்டால் பெரிய செலவு.

ஓடும் என்ஜினில் கொயிலைக் கழற்றிப் பொறி பார்ப்பது சிலருடைய பழக்கம். வேண்டவே வேண்டாம். ஷொக் அடிக்கும், பெற்றோல் ஆவி இருந்தால் தீயும் பிடிக்கும்.

இதைத் தானே செய்ய முடியாதவர்கள் கராஜில் பக்கத்தில் நின்று பாருங்கள். "எந்த சிலிண்டர், எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?" என்று கேளுங்கள். கழற்றிய பழைய சாமானையும் பில்லையும் வாங்குங்கள். கேட்பது சண்டையில்லை, நம் உழைப்புக் காசுக்குக் கணக்கு.

கெட்டதை மாற்றுங்கள், அதைக் கெடுத்ததையும் சேர்த்து மாற்றுங்கள். சங்கிலி அடகுக்குப் போகாமல் கழுத்திலேயே இருக்கும்.