முதலில் இஞ்ச் டேப்பை எடுங்கள்

ஆறரை மணிக்குப் படம் என்றால் ஐந்தரைக்கே போய்விடுங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் கை வைத்த நாட்களில்தான் எனக்குக் கோளாறெல்லாம் வந்திருக்கிறது. பள்ளிக்கூட ஹால், ஊர் நூலகம், மொட்டை மாடி, கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம் என்று புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு அலைகிறவன் நான். போனதும் பையிலிருந்து முதலில் வெளியே வருவது புரொஜெக்டர் அல்ல, இஞ்ச் டேப்.

புரொஜெக்டரின் கையேட்டில் 'த்ரோ ரேஷியோ' என்று ஓர் எண் இருக்கும். திரையின் அகலத்தை அதால் பெருக்கினால், லென்ஸிலிருந்து திரைக்கு எவ்வளவு தூரம் வேண்டும் என்பது வந்துவிடும். எண் 1.5, திரை 8 அடி அகலம் என்றால் 12 அடி. 1.3 முதல் 1.6 வரை என்று போட்டிருந்தால் அந்த வித்தியாசம்தான் ஜூம். பத்தரை அடியிலிருந்து பன்னிரண்டே முக்கால் அடி வரை எங்கே வேண்டுமானாலும் மேஜையைப் போடலாம். ஷார்ட் த்ரோ வகையில் எண் 0.5 அளவில் இருக்கும், நாலடியே போதும். இந்தக் கணக்கைப் போடாமல் மேஜையைப் போட்டு, நாற்காலிகளையும் வரிசையாக அடுக்கிவிட்டு, பிறகு படம் திரைக்கு வெளியே வழிகிறது என்று எல்லாவற்றையும் பின்னால் இழுப்பது பல ஊர்களில் பார்த்த காட்சி.

அடுத்தது உயரம். மேஜையில் வைக்கும் புரொஜெக்டர்கள் பெரும்பாலும் லென்ஸ் மட்டத்திலிருந்து மேல்நோக்கித்தான் படத்தை அனுப்பும். ஆகவே லென்ஸ் திரையின் கீழ் விளிம்புக்கு நேராக, திரையின் நடுக்கோட்டில் இருக்கட்டும். நம் ஆட்கள் செய்வது என்ன? தாழ்வான ஸ்டூலில் வைத்துவிட்டு, முன்காலுக்கு அடியில் நாலு நோட்டுப் புத்தகத்தைச் செருகுவார்கள். படம் மேலே அகன்று, கீழே குறுகி, முறம் மாதிரி நிற்கும். உடனே ரிமோட்டில் 'கீஸ்டோன்' பொத்தானைத் தேடுவார்கள். அந்தப் பொத்தான் படத்தை உண்மையில் நிமிர்த்துவதில்லை. உள்ளே இருக்கும் சில்லில் ஒரு பகுதியை இருட்டாக்கி, மிச்சத்துக்குள் படத்தை நெருக்குகிறது. தெளிவும் வெளிச்சமும் இரண்டுமே போகும், சின்ன எழுத்து மங்கும். மேஜையை ஒரு சாண் உயர்த்தினால் தீருகிற விஷயம் இது. கீஸ்டோன் எனக்குக் கடைசிப் புகலிடம்.

வெளிச்சம் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏமாறுவது இங்கேதான். இருட்டான தியேட்டரில் திரைக்கு இவ்வளவு ஒளி வேண்டும் என்று ஓர் அளவு வைத்திருக்கிறார்கள்: 14 ஃபுட் லாம்பர்ட். சாதாரண வெள்ளைத் திரையில் சதுர அடிக்குச் சுமார் 14 லூமென் என்று வைத்துக்கொள்ளலாம். 8 அடி அகலம், நாலரை அடி உயரம் என்றால் 36 சதுர அடி. 500 லூமென் சொச்சம் போதும். அதே படத்தை மொட்டை மாடியில் 20 அடி அகலத்துக்கு விரித்தால் 225 சதுர அடி, 3,150 லூமென் வேண்டும். அகலம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால்வாசி. இதுவும் முழு இருட்டில். டியூப் லைட் எரிகிற வகுப்பறைக்கு இதைப்போலப் பல மடங்கு தேவை. வாங்கும்போது அட்டைப் பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் எண்ணை நம்பாதீர்கள். 'ஆன்சி லூமென்' அல்லது 'ஐஎஸ்ஓ 21118' என்று பக்கத்தில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை.

இனி கரண்ட். ஒரு மண்டபத்தில் கைக்கு எட்டிய பிளக்கில் ஒயரைச் செருகப் போனேன். எலக்ட்ரீஷியன் ஓடி வந்தார். "தம்பி, அதுல எர்த் கிடையாது. மேடைக்குப் பக்கத்துல இருக்கறதுல போடுங்க." அன்றிலிருந்து இடத்துக்குப் போனதும் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணே, எர்த் எதுல இருக்கு?" எர்த் இல்லாத இடத்தில் எச்டிஎம்ஐ கேபிளைத் தொடும்போதே விரலில் சுருக்கென்று இருக்கும், லேப்டாப்பின் வாயோ புரொஜெக்டரின் வாயோ அப்படிப் போனதுண்டு. எனவே கேபிள்களை எல்லாம் முதலில் இணைத்துவிட்டு, கடைசியாகத்தான் ஸ்விட்ச். மூன்று பின்னில் ஒன்றை ஒடித்து இரண்டு பின் பெட்டியில் செருகும் வித்தை வேண்டவே வேண்டாம். ஸ்பீக்கரையும் புரொஜெக்டரையும் ஒரே லைனில் போடுங்கள், 'ம்ம்ம்' என்ற இரைச்சல் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆள் நடக்கும் வழியில் ஒயர் போனால் நெடுக டேப் ஒட்டுங்கள். ஓடுகிற பிள்ளையின் கால் பட்டால் மேஜையோடு வரும்.

எச்டிஎம்ஐ கேபிள் 10 மீட்டருக்குள் இருந்தால் தொந்தரவு குறைவு. அதற்கு மேல் ஆப்டிகல் வகை வாங்குங்கள்; அதில் லேப்டாப் பக்கம் எது, புரொஜெக்டர் பக்கம் எது என்று எழுதியிருக்கும், மாற்றிப் போட்டால் படம் வராது. லேப்டாப்பில் விண்டோஸ் பொத்தானையும் பி எழுத்தையும் சேர்த்து அழுத்தி 'டூப்ளிகேட்' கொடுங்கள். படம் வந்ததும் ஃபோகஸைத் திருகி, திரையின் நடுவை மட்டும் பார்க்காமல் நாலு மூலையையும் பாருங்கள். அரை மணி கழித்து, லென்ஸ் சூடேறியபின், இன்னொரு தடவை.

எரிகிற லென்ஸுக்குள் யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. குழந்தைகள் கட்டாயம் பார்க்க வருவார்கள், ஆகவே மேஜையைச் சுற்றி ஒரு கயிறாவது கட்டுங்கள். லேசர் வகையில் இது இன்னும் கண்டிப்பு.

லென்ஸை எதைக் கொண்டும் மறைக்கவும் கூடாது. இதை நான் கற்றது ஒரு பள்ளிக்கூடத்தில். படத்தின் நடுவில் தலைமையாசிரியர் பேச எழுந்தார். நான் அவசரமாக ஒரு நோட்டை லென்ஸுக்கு முன்னால் நிறுத்தினேன். இரண்டு நிமிடத்தில் வாடை. பார்த்தால் நோட்டின் பிளாஸ்டிக் அட்டை அப்பளம் போல வளைந்திருக்கிறது. ரிமோட்டில் 'பிளாங்க்' அல்லது 'ஏவி மியூட்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது, அது இதற்குத்தான்.

இந்தச் சூடுதான் புரொஜெக்டரின் எமன். காற்று உள்ளே போகும் வழியும் வெளியே வரும் வழியும் சுற்றி ஓரடியாவது திறந்திருக்க வேண்டும். மெத்தை, போர்வை, மேஜை விரிப்பின் மடிப்பு எதன் மேலும் வைக்காதீர்கள். சாக்பீஸ் தூள் பறக்கும் வகுப்பறையில் ஃபில்டர் மாதத்துக்கொரு முறை சாம்பல் பூத்துவிடும். மழை விட்ட சாயங்காலம் மொட்டை மாடியில் படம் போட்டால் ஒளிக்கற்றை முழுக்க ஈசல். மறுநாள் ஃபில்டரைக் கழற்றினால் ஒரு கைப்பிடி இறக்கை கிடைக்கும். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் போகிறவர்கள் மெனுவில் 'ஹை ஆல்டிடியூட்' என்பதைப் போட்டுக்கொள்ளுங்கள். 1,500 மீட்டருக்கு மேலே காற்று லேசாக இருப்பதால் ஃபேன் வேகமாகச் சுற்றியாக வேண்டும்.

விளக்கு வகைப் புரொஜெக்டரில் இருப்பது பாதரச விளக்கு, உள்ளே பயங்கர அழுத்தம். கையேட்டில் சொன்ன மணி நேரம் முடிந்தும் ஓட்டினால் ஒருநாள் 'டப்' என்று வெடிக்கலாம். வெடித்தால் பிளக்கைப் பிடுங்கி, எல்லாரையும் வெளியேற்றி, ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். தூளைக் கையால் தொடாதீர்கள். பழைய விளக்கைக் குப்பைத் தொட்டியில் போடாமல் மின்கழிவு வாங்குகிறவர்களிடம் கொடுங்கள். படம் ஓடும்போது கரண்ட் போனால் விளக்கோடு ஃபேனும் நின்று சூடு உள்ளேயே தங்கிவிடும். அதனால் புரொஜெக்டருக்கென்று ஒரு கேவிஏ யூபிஎஸ் வைத்திருக்கிறேன், படத்தைத் தொடர அல்ல, முறையாக அணைக்க. யூபிஎஸ் இல்லாவிட்டால், கரண்ட் வந்ததும் கூட்டம் கத்தினாலும் ஐந்து பத்து நிமிடம் ஆறவிட்டுத்தான் போட வேண்டும்.

படம் முடிந்ததும் ஆபத்தான நேரம். கூட்டம் எழும், நாற்காலி மடங்கும், யாரோ உதவி செய்கிறேன் என்று பிளக்கில் கை வைப்பார். "ஃபேன் நிக்கட்டும், விடுங்க" என்று நான் பிளக் பக்கத்திலேயே நின்றுகொள்வேன். ரிமோட்டில் அணைத்துவிட்டு, கேபிளை முழங்கையில் சுற்றாமல் பெரிய வளையமாகச் சுருட்டத் தொடங்கினால், சுருட்டி முடிக்கும்போது ஃபேன் நின்றிருக்கும். மேல்மூடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, சூடு இன்னும் தெரிந்தால் லென்ஸ் மூடியை மட்டும் போட்டுவிட்டு, பையைத் திறந்தபடியே வைத்துக் கணக்குப் பார்க்கப் போய்விடுவேன்.