வாங்குவோர் விருப்பமும் கமக்காரர் கடமையும்

கமக்காரர்களே,

தூரதேசத்தில் தேயிலை வாங்குவோருட் பலர், பொட்டலத்தின் மீது பச்சைத் தவளை முத்திரை உளதா என நோக்கியே வாங்குகின்றனர். 1987 ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ரெயின்பொரஸ்ட் அலயன்ஸ் என்னும் அமைப்பின் முத்திரை அது. அதனைப் பெற விரும்பும் தோட்டம் இயற்கைக் காட்டை அழித்தலாகாது. மண்ணையும் நீரையும் காத்தல் வேண்டும். மலைநாட்டுத் தோட்டங்கள் பல அதனைப் பெற்றுள்ளன. தேயிலை உலர்த்தும் விறகுக்கும் இது பொருந்தும். விறகுக்கென நட்ட மரத்தை வெட்டி அவ்விடத்தில் மீண்டும் நட்டால், புகையிற் சென்ற காபனை இளமரம் திரும்ப எடுத்துக்கொள்ளும். காட்டை அழித்து எரித்தால் அது நிகழாது.

இவ்விருப்பம் நாளை மரக்கறிக்கும் நெல்லுக்கும் வரக்கூடும். ஆதலின் உங்கள் நிலத்திலிருந்து எழும் வாயுக்களை அறிந்திருத்தல் நன்று.

100 கிலோ யூரியாவில் 46 கிலோ நைதரசன் உண்டு. உலக நாடுகள் கையாளும் கணக்கின்படி, இட்ட நைதரசனில் நூற்றுக்கு ஒரு பங்கு நைதரசு ஒட்சைட்டு வாயுவாக மாறும். எடைக்கு எடை, அது காபனீரொட்சைட்டிலும் ஏறத்தாழ 270 மடங்கு வெப்பமூட்ட வல்லது. ஆகவே 100 கிலோ யூரியாவால் எழும் தீங்கு ஏறத்தாழ 200 கிலோ காபனீரொட்சைட்டுக்கு ஈடாகும். நீர் தேங்கிய வயலிலிருந்து எழும் மெதேனும் இத்தகையதே.

அப்படியாயின் செயற்கைப் பசளையை அறவே விட்டுவிடலாமா? அவசரம் ஆகாது. 2021 மே மாதத்தில் அதன் இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை நீங்கியது. அடுத்த பெரும்போகத்தில் நெல் விளைச்சல் பெரிதும் குறைந்தது. விளைச்சல் குறைந்தால் உணவைப் பிறநாட்டிலிருந்து தருவிக்க நேரும். அப்போது வாயு குறைவதில்லை. எழும் இடமே மாறும். எனவே விளைச்சல் குன்றாமல் வீண் பசளையை நீக்குதலே முறை.

செய்யவேண்டியவை:

1. மண்ணைப் பரிசோதித்த பின்னரே பசளை இடுக. உருளைக்கிழங்கு, லீக்ஸ் பயிரிட்ட பாத்தியில் முன்னைய பசளை எஞ்சியிருக்கக் கூடும்.

2. யூரியாவைச் சிறுகச் சிறுகப் பகிர்ந்து இடுக. பெருமழைக்கு முன் இடற்க. சரிவு நிலத்தில் அது ஓடையையே சேரும்.

3. நன்கு மக்கிய கூட்டெரு இடுக. அதிலுள்ள சத்தையும் கணக்கிட்டு யூரியாவைக் குறைக்க.

4. வயலில் துளையிட்ட குழாயொன்றைப் பதித்து, நீர் மண்மட்டத்துக்குக் கீழ் 15 சதமமீற்றர் இறங்கிய பின் மீண்டும் நீர் பாய்ச்சுக. பூக்கும் பருவத்தில் மட்டும் வயல் காயவிடலாகாது.

5. இட்ட பசளையின் அளவையும் நாளையும் குறிப்பேட்டில் எழுதுக. காட்டக்கூடிய சான்று இன்றி எவரும் முத்திரை வழங்கார்.

முத்திரையும் நல்விலையும் பிந்தி வரலாம், வாராமலும் போகலாம். பசளைச் செலவு குறைவதோ இப்போகத்திலேயே உங்கள் கைக்கு வரும் இலாபமாகும். ஐயமிருப்பின் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுக.