இழுப்பு வரும் இரவில்



மார்கழி மாதத்து இரவு, மணி இரண்டு. வீட்டில் எல்லாரும் தூங்குகிறார்கள். பத்து வயது மகன் மட்டும் எழுந்து உட்கார்ந்திருக்கிறான். இரண்டு கைகளையும் பாயில் ஊன்றி, தோள்களை உயர்த்தி, மூச்சுக்குத் திணறுகிறான். நெஞ்சிலிருந்து விசில் ஊதுவதுபோல் சத்தம் வருகிறது. தாய் தைலத்தைத் தேடுகிறார். பாட்டி வெந்நீர் வைக்கிறார். தகப்பன், "விடியட்டும், டாக்டரிடம் போகலாம்" என்கிறார். இன்ஹேலர் அலமாரியில்தான் இருக்கிறது. "அது பழகிவிடும்" என்று யாரோ சொன்னதால் அதை எடுக்க மனம் வரவில்லை. நான்கு மணிக்கு விசில் சத்தம் அடங்குகிறது. பையன் சோர்ந்து கண்களை மூடுகிறான். "அப்பாடா, தூங்கிவிட்டான்" என்று வீட்டார் ஆறுதல் அடைகிறார்கள்.

இப்படிப்பட்ட வீட்டை நம்மில் பலர் அறிவோம். ஆனால் அந்த நான்கு மணி அமைதிதான் எல்லாவற்றிலும் ஆபத்தான நேரம். அது ஏன் என்பதையும், இரண்டு மணிக்கே என்ன செய்திருக்கலாம் என்பதையும் இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

நெஞ்சுக்குள் நடப்பது என்ன?

நம் நுரையீரலுக்குள் காற்றைக் கொண்டு செல்லும் குழாய்கள் மரக்கிளைகள்போலப் பிரிந்து பிரிந்து செல்கின்றன. ஆஸ்துமா உள்ளவருக்கு இக்குழாய்களின் உட்புறம் எப்போதும் சற்று வீங்கிச் சிவந்திருக்கும். இழுப்பு இல்லாத நாளிலும் இந்த வீக்கம் உண்டு. தூசி, கொசுவர்த்திச் சுருள், சாம்பிராணி, விறகடுப்பு ஆகியவற்றின் புகை, பட்டாசுப் புகை, சளிக்காய்ச்சல், குளிர்காற்று இவற்றில் ஏதாவது ஒன்று பட்டவுடன் மூன்று காரியங்கள் நடக்கின்றன. குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. வீக்கம் கூடுகிறது. கெட்டியான சளி வழியை அடைக்கிறது. குறுகிய வழியில் காற்று நுழைந்து வெளிவரும்போது எழும் ஓசையே விசில் சத்தம்.

ஆகவே, விசில் சத்தம் கேட்கிறது என்றால் காற்று கொஞ்சமாவது போய்வருகிறது என்று பொருள். நோயாளி இன்னும் திணறிக்கொண்டிருக்கும்போதோ, அயர்ந்து சோரும்போதோ அந்தச் சத்தம் நின்றால், ஓசை எழுப்பும் அளவுக்குக்கூடக் காற்று போகவில்லை என்று அறிய வேண்டும். அது தூக்கம் அல்ல. உடல் தோற்றுப்போகும் நிலை. நிஜமாகவே குணமாகியிருந்தால் அவர் எளிதாகப் பேசுவார், நடப்பார், தண்ணீர் கேட்பார்.

உடனே செய்ய வேண்டியவை

டாக்டர் எழுதிக் கொடுத்த முறை உங்களிடம் இருந்தால் அதன்படியே செய்யுங்கள். இல்லாவிட்டால், நீல நிற சால்பூட்டமால் இன்ஹேலர் வைத்திருப்பவர்களுக்குப் பின்வரும் முறை உதவும். நான்கு, நான்கு, நான்கு என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

1. நோயாளியை நிமிர்த்தி உட்கார வையுங்கள். படுக்க வைக்கக் கூடாது. இறுக்கமான துணியைத் தளர்த்தி, கூட்டத்தை விலக்குங்கள். அருகில் ஒருவர் அமைதியாக இருந்து தைரியம் சொல்லட்டும்.

2. இன்ஹேலரை நன்றாகக் குலுக்கி ஸ்பேசரில் பொருத்துங்கள். ஒருமுறை அழுத்தி, நான்கு முறை நிதானமாக மூச்சு இழுத்துவிடச் சொல்லுங்கள். இவ்வாறே ஒவ்வொன்றாக நான்கு முறை மருந்து கொடுங்கள்.

3. நான்கு நிமிடம் பொறுங்கள். குறையாவிட்டால் மீண்டும் நான்கு முறை கொடுங்கள்.

4. அதற்கும் குறையாவிட்டால் 108 ஆம்புலன்சை அழையுங்கள். வண்டி வரும்வரை நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை இதே விதமாக மருந்தைத் தொடருங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்ல முடியாமை, உதடு நீலமாதல், கழுத்துக் குழியும் விலா இடுக்குகளும் உள்ளே இழுக்கப்படுதல், மயக்கம் அல்லது குழப்பம், திணறலோடு விசில் சத்தம் அடங்குதல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் முதலிலேயே ஆம்புலன்சை அழைத்துவிட்டு மருந்தைக் கொடுக்கத் தொடங்குங்கள். தூக்க மாத்திரை கொடுக்கவே கூடாது. இருமல் டானிக் இழுப்பை நிறுத்தாது. தைலத்தின் காரமான வாசனை சிலருக்கு இழுப்பை அதிகப்படுத்தும்.

ஒரு காலி பாட்டிலின் உதவி

மேலே ஸ்பேசர் என்றோம். இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவே வைக்கும் காற்றுக் குடுவை அது. மருந்து வேகமாகத் தொண்டையில் மோதி வீணாகாமல் நுரையீரலுக்குள் செல்ல இது உதவுகிறது. ஆனால் ஏழைக் குடும்பங்களுக்கு இதன் விலையே தடையாகிவிடுவது உண்டு. தென் ஆப்பிரிக்காவின் கேப் டவுன் நகரத்து டாக்டர்களும் இதே தடையைக் கண்டார்கள். டாக்டர் ஹெதர் சார் என்ற குழந்தை மருத்துவரும் உடன் உழைத்தவர்களும், இழுப்போடு வந்த பிள்ளைகளுக்கு 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலை ஸ்பேசராகக் கொடுத்துச் சோதித்தார்கள். பாட்டிலின் அடியில் இன்ஹேலர் வாயின் அளவுக்கே துளையிட்டு, இன்ஹேலரைச் செருகி, இடைவெளியைப் பசையால் அடைத்தார்கள். பிள்ளை பாட்டிலின் வாயில் உதட்டை வைத்து மூச்சு இழுக்க வேண்டும். இடைவெளி அடைக்கப்பட்ட பாட்டில், கடையில் விற்கும் ஸ்பேசருக்கு இணையாகப் பயன் தந்தது. பிளாஸ்டிக் நுரைக் கோப்பை அவ்வளவு பயன் தரவில்லை. 1999ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழில் இது வெளியானது.

உங்கள் பகுதியில் ஸ்பேசர் வாங்க முடியாத குடும்பம் இருந்தால் இதைச் சொல்லுங்கள். ஆனால் இழுப்பு வந்த இரவில் செய்யத் தொடங்கக் கூடாது. முன்கூட்டியே, நர்ஸ் ஒருவர் பார்வையில், சுத்தமான பாட்டிலில் செய்து வைக்க வேண்டும். சோப்பு நீரில் கழுவி, துடைக்காமல் தானாக உலரவிட வேண்டும். துடைத்தால் மருந்து பாட்டிலின் சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

இன்ஹேலரைப் பற்றிய பயம்

"இன்ஹேலர் கடைசிக் கட்டத்துக்கு உரியது" என்று பலர் எண்ணுகிறார்கள். ஒரு கணக்குப் பார்ப்போம். 4 மில்லிகிராம் சால்பூட்டமால் மாத்திரை ஒன்றில் உள்ள மருந்து, 100 மைக்ரோகிராம் இன்ஹேலரை 40 முறை அழுத்தினால் வரும் மருந்துக்குச் சமம். மாத்திரை உடல் முழுவதும் சுற்றி, கையை நடுங்க வைத்து, நெஞ்சைப் படபடக்க வைத்து, கடைசியில் நுரையீரலை அடைகிறது. இன்ஹேலர் மருந்தோ சிறிதளவே நேராகச் சேர வேண்டிய இடத்தைச் சேர்கிறது. இவ்வித இன்ஹேலர் 1956ஆம் ஆண்டு முதலே பயன்பாட்டில் உள்ளது. போதைப்பொருள்போல அடிமையாக்குவது அல்ல.

பெண் பார்க்க வருகிற நாளில் மகளின் இன்ஹேலரை ஒளித்து வைக்கும் பெற்றோரும் உண்டு. புகுந்த வீட்டிலும் அவள் அதை ஒளித்து வைக்க நேர்ந்தால், இழுப்பு வரும் இரவில் யார் எடுத்துக் கொடுப்பார்கள்? ஜெபித்தபின் மருந்தை நிறுத்திவிடுகிறவர்களுக்கும் அன்போடு சொல்லுகிறோம்: ஜெபியுங்கள், மருந்தையும் எடுங்கள். சுவிசேஷம் எழுதிய லூக்காவும் ஒரு வைத்தியரே.

நீலம் மட்டும் போதாது

எல்லாவற்றிலும் முக்கியமானதை இப்போது சொல்லுகிறோம். நீல இன்ஹேலர் இறுகிய தசையைத் தளர்த்துகிறது, வீக்கத்தைக் குறைப்பதில்லை. வீக்கத்தைக் குறைப்பது பெக்லோமெத்தசோன், புடசோனைடு போன்ற தடுப்பு மருந்து இன்ஹேலர்தான். அது உடனே சுகம் தருவதில்லை. ஆகவே சுகமாக இருக்கும் நாட்களில் அதை நிறுத்திவிடுகிறார்கள். வீக்கம் சத்தமில்லாமல் வளர்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019ஆம் ஆண்டில் ஆஸ்துமாவினால் 4,55,000 பேர் மரித்தார்கள். இவர்களில் பெரும்பாலோர் வருமானம் குறைந்த நாடுகளைச் சேர்ந்தவர்கள். நோய் இன்னதென்று அறியாததும், போதிய சிகிச்சை கிடைக்காததும் இதற்குக் காரணம். பெரியவர்களுக்கும் 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் நீல மருந்தை மட்டும் கொடுப்பது போதாது என்று ஜீனா என்னும் உலக ஆஸ்துமா அமைப்பு 2019ஆம் ஆண்டு முதல் சொல்லிவருகிறது. சிலருக்கு இரண்டு வேலையும் செய்யும் ஒரே இன்ஹேலரை டாக்டர் கொடுக்கலாம். அவர்கள் இழுப்பு வரும்போதும் டாக்டர் சொன்ன அளவிலேயே அதைப் பயன்படுத்த வேண்டும்.

தடுப்பு மருந்து எடுத்தபின் வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள். வாரத்தில் இரண்டு முறைக்கு மேல் நீல இன்ஹேலர் தேவைப்பட்டாலோ, இழுப்பினால் இரவில் தூக்கம் கெட்டாலோ, நோய் கட்டுக்குள் இல்லை என்று அறிந்து டாக்டரிடம் செல்லுங்கள். எத்தனை முறை அழுத்தினோம் என்று எண்ணி வையுங்கள். மருந்து தீர்ந்த பின்னும் இன்ஹேலரிலிருந்து வாயு வரும். அது உயிர் காக்காது.

கூடிப் படிக்கிறவர்கள் பேசிப் பார்க்க

1. விசில் சத்தம் நின்றுவிட்டால் நாம் எதைக் கவனிக்க வேண்டும்?

2. நம் வீட்டிலோ தெருவிலோ ஆஸ்துமா உள்ளவர் யார்? அவருடைய இன்ஹேலர் இருக்கும் இடம் வீட்டார் எல்லாருக்கும் தெரியுமா?

3. ஆலயத்திலும் வீட்டிலும் எந்தப் புகையை, எந்தத் தூசியை நாம் குறைக்கலாம்?

இன்றிரவு படுக்குமுன் அந்த இன்ஹேலரை அலமாரியிலிருந்து எடுத்து, இருட்டிலும் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள்.