பயந்த முகம் ஏன் கண்ணில் படவில்லை?

பேராவின் பழைய ரப்பர் தோட்டங்களைப் பற்றி உங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். கோயில், ஆயாக் கொட்டகை, பள்ளிக்கூடம், லயம் என்று சொல்லிக்கொண்டே வருபவர்கள் கள்ளுக்கடையையும் சொல்வார்கள். சம்பள நாள் மாலையில் அங்கே கூட்டம். இரவில் லயத்தில் அழுகை. மறுநாள் காலையில், "குடிச்சா அவரு வேற மனுஷன்" என்று ஒரு சமாதானம்.

அந்த 'வேற மனுஷன்' எங்கிருந்து வருகிறான்? மாணவர்களே, அதைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

கள்ளு, சம்சு, பீர் எதுவானாலும் போதை தருவது எத்தனால் என்ற ஒரே பொருள்தான். அளவுதான் மாறும், சம்சுவில் அது கள்ளைவிடப் பல மடங்கு அதிகம். எத்தனால் மிகச் சிறிய மூலக்கூறு. நீரிலும் கரையும், கொழுப்பிலும் ஓரளவு கரையும். அதனால் இரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைய அதற்குச் சில நிமிடங்களே போதும்.

மூளையின் நரம்பணுக்களை அடக்கும் வேதிப்பொருள் காபா, தூண்டுவது குளூட்டமேட். மோட்டார் சைக்கிளின் பிரேக்கும் எண்ணெய்ப் பிடியும் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். எத்தனால் பிரேக்கை அழுத்துகிறது, எண்ணெய்ப் பிடியைத் தளர்த்துகிறது. அப்படியானால் குடித்தவர் அமைதியாகத்தானே இருக்க வேண்டும்? நல்ல கேள்வி. முதலில் மந்தமாகும் பகுதிகளில் ஒன்று, நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளை. 'சொல்லாதே, அடிக்காதே, நில்' என்று நம்மைத் தடுப்பது அதுதான். தடுப்பவர் தூங்கிவிட்டால் வாயும் கையும் தம் போக்கில் போகும். கூடவே டோபமின் சுரந்து மகிழ்ச்சி தருவதால் இன்னொரு குவளை கேட்கத் தோன்றுகிறது.

இனிதான் முக்கியமான செய்தி. மூளையின் உட்புறத்தில் வாதுமைப் பருப்பு அளவில் அமிக்டலா என்ற பகுதி இருக்கிறது. எதிரில் இருப்பவரின் முகத்தில் அச்சம் தெரிந்தால் உடனே விழித்துக்கொள்ளும் பகுதிகளில் இது ஒன்று. 2008இல் ஜோடி கில்மன் என்பவரும் அவருடைய சக ஆய்வாளர்களும் அமெரிக்காவில் ஒரு சோதனை நடத்தினார்கள். எப்போதாவது குடிக்கும் பழக்கமுள்ள 12 பேருக்கு நரம்பு வழியாக மதுவைச் செலுத்தி, பயந்த முகங்களையும் சாதாரண முகங்களையும் காட்டி, மூளையைப் படம் பிடித்தார்கள். மது இல்லாத வேளையில், பயந்த முகத்தைக் கண்டதும் உணர்ச்சிப் பகுதிகள் கூடுதலாகச் செயல்பட்டன. மது ஏறியபோது அந்த வேறுபாடு மங்கிவிட்டது.

கூச்சமுள்ளவர் குடித்ததும் கலகலப்பாகப் பேசுவதற்கும் இது ஒரு காரணம். பிறர் முகத்தைப் பார்த்து அவர் தயங்குவதில்லை. அதே மூளை வீட்டுக்கு வரும்போது, கதவோரம் நடுங்கி நிற்கும் பிள்ளையின் முகம் அதற்கு 'நிறுத்து' என்று சொல்லாமல் போகலாம். குடிக்கிற எல்லாரும் அடிப்பதில்லை என்பதையும் மறக்காதீர்கள். இது காரணத்தின் ஒரு பகுதி. அடித்தவருக்கு மன்னிப்புச் சீட்டு அல்ல.

பல ஆண்டுகள் குடித்தால் மூளையே மாறிக்கொள்கிறது. எத்தனாலுக்கு ஈடுகொடுக்கத் தன் பிரேக்கைத் தளர்த்திவிடுகிறது. பிறகு குடிக்காத நாளில் கைநடுக்கம், பதற்றம், சிடுசிடுப்பு. நெடுநாள் குடித்தவர்களில் பலர், மதுவை விட்டபின்னும் சில காலம் முகங்களைத் தவறாகப் படிப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. வெறும் சோகம் அவர்களுக்குப் பகையாகத் தெரியக்கூடும். "ஏன் முறைக்கிற?" என்ற சண்டை அப்படியும் தொடங்கலாம்.

மூளையைப் படம் பிடிக்கும் கருவி வருவதற்கு வெகு காலம் முன்பே நம் மக்கள் இதன் விளைவை அறிந்திருந்தார்கள். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, சம்பள உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவும் கேட்டார்கள். போருக்குப் பின் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கு எதிராகத் தோட்டங்களில் போராடினார்கள். கேட்டவர்கள் பால்மரம் சீவியவர்கள், மருத்துவர்கள் அல்லர்.

தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. குடும்பங்கள் ஈப்போ போன்ற பட்டணங்களுக்குப் பெயர்ந்தன. குடி எல்லா இடத்திலும் பின்தங்கிவிடவில்லை. உங்கள் வீட்டில் இப்படி நடந்தால் பள்ளி ஆலோசக ஆசிரியரிடம் சொல்லலாம், அல்லது 15999 என்ற தாலியான் காசே எண்ணை அழைக்கலாம். அது இரவிலும் இயங்குகிறது.