கேஸ் கசிகிறதா? முதலில் மூடுங்கள், பிறகு தேடுங்கள்

காலையில் புது சிலிண்டர் மாட்டியாகிவிட்டது. மதியம் அடுப்படிக்குள் நுழைந்தால் லேசாக கேஸ் வாசனை. உடனே வீட்டில் ஆளுக்கொரு திசையில் தேடல் தொடங்கும். ஒருவர் லைட்டைப் போடுவார், ஒருவர் அடுப்பின் மேல் குனிந்து மோந்து பார்ப்பார், இன்னொருவர் எக்ஸாஸ்ட் ஃபேனைச் சுழலவிடுவார். இவற்றில் லைட்டும் ஃபேனும் ஆபத்தானவை, மோந்து பார்ப்பது பயனற்றது. கசிவு எங்கே என்று கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை, கொஞ்சம் சோப்புத் தண்ணீர் போதும். ஆனால் வீட்டைப் பத்திரப்படுத்தி முடித்த பிறகுதான் அந்தச் சோப்புக்கு வேலை.

சமையல் கேஸ் என்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. இரண்டுக்கும் இயல்பில் வாசனை கிடையாது. கசிந்தால் தெரியவேண்டும் என்பதற்காகவே எத்தில் மெர்காப்டன் என்ற பொருளைச் சேர்க்கிறார்கள். காற்றில் கேஸ் சுமார் 2 முதல் 9 சதவீதம் வரை கலந்திருக்கும்போது ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். அந்த 2 சதவீதத்தில் ஐந்தில் ஒரு பங்கு சேரும்போதே மூக்குக்குத் தெரியும்படி வாசனையின் அளவை வைத்திருக்கிறார்கள். லேசான வாசனையிலேயே வேலையைத் தொடங்கினால் பெரும்பாலும் நேரம் இருக்கிறது. ஆனால் சளி பிடித்தவருக்கும் வயதானவருக்கும் இந்த வாசனை எட்டாமல் போகலாம். ஆகவே யாராவது ஒருவர் ‘வாசனை வருது’ என்றாலே போதும், மற்றவர்கள் நம்பிவிட வேண்டும்.

இந்த கேஸ் காற்றைவிடக் கனமானது. தரையில் தங்கும், மேடைக்கு அடியிலும் மூலைகளிலும் தேங்கும். மேலே மாட்டிய ஃபேன் அதை வெளியேற்றாது. கதவு திறந்தால் தரையோடு வெளியேறும்.

முதல் ஐந்து நிமிடம்

1. எரிகிற அடுப்பு, பூஜை விளக்கு, ஊதுபத்தி எல்லாவற்றையும் அணையுங்கள். பக்கத்து அறையில் இருப்பதையும் விட்டுவிட வேண்டாம்.

2. அடுப்பின் திருகுகளை மூடிவிட்டு, ரெகுலேட்டரையும் ‘ஆஃப்’ பக்கம் திருப்புங்கள்.

3. ஸ்விட்ச் எதையும் தொடாதீர்கள். போடுவதும் கூடாது, அணைப்பதும் கூடாது. இரண்டிலும் உள்ளே சிறு பொறி பறக்கும். ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்குவதும் அப்படித்தான். மின்சாரத்தை நிறுத்தியே ஆகவேண்டும் என்றால், மெயின் ஸ்விட்ச் வீட்டுக்கு வெளியே இருந்தால் மட்டும் நிறுத்துங்கள். இரவு நேரமானாலும் டார்ச்சை உள்ளே போடாதீர்கள்.

4. வாசல் கதவு, கொல்லைக் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் அகலத் திறந்துவிட்டு, குழந்தைகளையும் முதியவர்களையும் வெளியே அனுப்புங்கள்.

5. ரெகுலேட்டரை மூடிய பிறகும் ‘உஸ்’ என்ற சத்தம் கேட்டால் அதைக் கழற்றிவிடுங்கள். அடிப்பக்கம் இருக்கும் கறுப்பு வளையத்தை மேலே தூக்கிப் பிடித்து இழுத்தால் வந்துவிடும். நூலில் கட்டித் தொங்கும் வெள்ளை பிளாஸ்டிக் மூடியை சிலிண்டரின் வாயில் வைத்து ‘டக்’ என்று உட்காரும்வரை அழுத்துங்கள். பெரும்பாலான கசிவுகளை இந்த மூடி நிறுத்திவிடும். சிலர் சிலிண்டர் வந்த அன்றே அதை அறுத்து எறிந்துவிடுகிறார்கள். சிலிண்டர் திரும்பிப் போகும்வரை மூடி அதிலேயே தொங்கட்டும்.

6. வெளியே வந்த பிறகு போனை எடுத்து 1906 எண்ணை அழையுங்கள். இண்டேன், பாரத் கேஸ், எச்.பி. மூன்றுக்கும் இதுவே 24 மணி நேர அவசர எண்.

அறையில் வாசனை நெடியாக இருந்தாலோ, தீ தெரிந்தாலோ இந்த வரிசையெல்லாம் வேண்டாம். எல்லோரும் வெளியேறிவிட்டு 101-க்கு போன் செய்யுங்கள்.

சோப்பு நுரை சோதனை

வாசனை முழுக்கப் போன பிறகு, பகல் வெளிச்சத்தில், கதவு ஜன்னல் திறந்தபடி இருக்கும்போதுதான் இதைச் செய்ய வேண்டும். ஒரு கிண்ணம் தண்ணீரில் பாத்திரம் துலக்கும் திரவம் சில சொட்டு விட்டு நுரை வரக் கலக்குங்கள். பூசுவதற்கு ஒரு சிறிய பெயின்ட் பிரஷ் போதும். தீக்குச்சி கொளுத்திப் பார்க்கும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அந்தச் சோதனையில் கசிவு உறுதியானால், அப்போதே விபத்தும் உறுதியாகிவிடும்.

சிலிண்டரில் தொடங்கி அடுப்பு வரை, ஒவ்வொரு கட்டமாகப் போங்கள்.

*சிலிண்டர் மட்டும்:* ரெகுலேட்டர் இல்லாமல், மூடியைக் கழற்றி, வாய்ப்பகுதிக்குள் சில துளி சோப்புத் தண்ணீர் விடுங்கள். நடுவில் இருக்கும் ஊசியைச் சுற்றிக் குமிழி வந்தால் வால்வு சரியாக மூடவில்லை என்று பொருள். உடனே மூடியை அழுத்தி, சிலிண்டரைக் காற்றோட்டமான திறந்த இடத்தில் நிமிர்த்தி வைத்துவிட்டு ஏஜென்சிக்குச் சொல்லுங்கள். குமிழி வராவிட்டால் ஈரத்தைத் துடைத்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.

*ரெகுலேட்டர் சேரும் இடம்:* ரெகுலேட்டரை மாட்டி ‘ஆன்’ செய்யுங்கள். அடுப்புத் திருகுகள் மூடியே இருக்கட்டும். இப்போது சிலிண்டரும் ரெகுலேட்டரும் சேரும் வளையத்தைச் சுற்றி நுரை பூசி, ஒரு நிமிடம் பொறுமையாகப் பாருங்கள். பெரிய கசிவு நுரையை ஊதித் தள்ளிவிடும். சின்னக் கசிவு அப்படிக் காட்டிக்கொடுக்காது. ஒரே இடத்தில் தவளை முட்டைபோல மணி மணியாகக் குமிழி சேர்ந்துகொண்டே வரும். புது சிலிண்டர் மாட்டிய அன்று வரும் வாசனைக்குப் பெரும்பாலும் இந்த இடமே காரணம். வால்வுக்குள் இருக்கும் கறுப்பு ரப்பர் வாஷர் கிழிந்திருக்கும், இறுகிப்போயிருக்கும், சில சமயம் இருக்கவே இருக்காது. ரெகுலேட்டரின் தலைப்பகுதியில் குமிழி வந்தால் பழுது ரெகுலேட்டரில்.

*ட்யூப்:* இரு முனைகளிலும் நுரை பூசுங்கள். பிறகு ட்யூபை முழு நீளத்துக்கும் கையால் லேசாக வளைத்துக்கொண்டே பூசிப் பாருங்கள். நேராகக் கிடக்கும்போது தெரியாத வெடிப்பு வளைக்கும்போது வாய் திறக்கும். எலி கடித்த தடம், அடுப்புச் சூட்டில் இளகிய இடம் இரண்டையும் குறிப்பாகக் கவனியுங்கள்.

*அடுப்பு:* மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்து, வாசனை அடுப்பருகே மட்டும் வந்தால், திருகுகளின் அடிப்பகுதியிலும் அடுப்புக்குக் கீழே ஓடும் குழாயின் இணைப்புகளிலும் நுரை பூசுங்கள்.

சிலிண்டர் தீரும் தறுவாயில் வாசனை சற்றுத் தூக்கலாக இருப்பதுண்டு. கேஸ் ஆவியான வேகத்தில் மெர்காப்டன் ஆவியாகாமல் கடைசிவரை அடியில் தங்குவதே காரணம். அதற்காகச் சோதனை செய்யாமல் விட்டுவிடக் கூடாது.

நீங்கள் சரிசெய்யக்கூடியவை

ரெகுலேட்டர் சாய்வாக உட்கார்ந்திருந்தால் கழற்றி மறுபடி நேராக மாட்டலாம். ட்யூபையும் நீங்களே மாற்றலாம். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள, உள்ளே கம்பி வலை வைத்த ஆரஞ்சு நிற சுரக்ஷா ட்யூபையே வாங்குங்கள். அதன் ஆயுள் 5 ஆண்டு. நீளம் ஒன்றரை மீட்டருக்கு மேல் வேண்டாம், நடுவில் ஒட்டு கூடவே கூடாது. மாட்டும்போது முனையைத் தீயில் வாட்டாமல், தண்ணீரில் நனைத்து நாசிலின் அடிவரை தள்ளுங்கள். மாற்றிய தேதியைச் சுவரிலோ காலண்டரிலோ குறித்துவையுங்கள்.

மற்றதெல்லாம் ஏஜென்சி மெக்கானிக்கின் வேலை. ஹேர்பின் விட்டு வாஷரை நெம்பி எடுப்பதை நிறையப் பேர் செய்கிறார்கள். கை தவறி நடு ஊசி அமுங்கினால் கேஸ் பீறிட்டு முகத்தில் அடிக்கும். ரெகுலேட்டர் நீங்கள் டெபாசிட் கட்டிப் பெற்ற, கம்பெனியின் சொத்து. பழுதானால் ஏஜென்சியில் கொடுத்து மாற்று கேளுங்கள், கடையில் ஒன்றை வாங்கி மாட்டாதீர்கள். அடுப்புத் திருகைப் பிரித்து கிரீஸ் வைப்பதையும் மெக்கானிக்கிடமே விடுங்கள்.

எதை மாற்றினாலும், யார் மாற்றினாலும், அந்த இடத்தில் மறுபடி நுரை பூசிப் பார்த்த பிறகே அடுப்பைப் பற்றவையுங்கள்.

கேஸ் கீசர் இருந்தால்

குளிப்பதற்கு கேஸ் கீசர் வைத்திருப்பவர்கள் அதன் இணைப்புகளிலும் இதே நுரைச் சோதனையைச் செய்யலாம். ஆனால் அங்கே இரண்டாவது ஆபத்து ஒன்று உண்டு. காற்று போதாத இடத்தில் கேஸ் அரைகுறையாக எரிந்தால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. சோப்பு நுரையும் அதைக் காட்டாது. சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிவது, கீசரின் முகப்பில் கரி படிவது, குளிக்கும்போது தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் வருவது இவையே அறிகுறிகள். உடனே கீசரை நிறுத்துங்கள். யாராவது மயங்கி விழுந்திருந்தால் திறந்த வெளிக்குத் தூக்கி வந்து 108-ஐ அழையுங்கள்.

இதற்கு உதிரிபாகம் மாற்றுவது மட்டும் தீர்வாகாது. கீசரைக் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமுள்ள சுவருக்கு மாற்றி, வெந்நீரை மட்டும் குழாயில் உள்ளே கொண்டுவர வேண்டும்.

அடுத்த சிலிண்டர் வரும்போது

சிலிண்டரின் கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டையின் உட்புறத்தில் ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு இலக்கமும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை, பி என்றால் ஜூன் வரை, சி என்றால் செப்டம்பர் வரை, டி என்றால் டிசம்பர் வரை. இலக்கம் ஆண்டைக் குறிக்கும். சி-27 என்றிருந்தால் 2027 செப்டம்பருக்குள் அந்த சிலிண்டர் மறுபரிசோதனைக்குப் போக வேண்டும். அந்தத் தேதி தாண்டியதை வாங்காதீர்கள்.

சிலிண்டர் கொண்டுவருபவரை, “அண்ணே, வாஷரையும் வால்வையும் பார்த்துட்டுப் போங்க” என்று நிறுத்துங்கள். சோதித்துக் காட்டுவது அவர் வேலையில் சேர்ந்ததுதான், கேட்கத் தயங்க வேண்டாம். வாஷர் போயிருந்தால் அப்போதே மாற்றிவிடலாம், இல்லாவிட்டால் அந்த சிலிண்டரையே திருப்பி அனுப்பிவிடலாம்.